அரைச் சாக்கு

ஐஸ் பெட்டியின் வயரைப் பிடுங்கியதும் வீட்டுக்குக் காது திரும்பி வந்ததுபோல் இருந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து அந்தப் பெட்டி போட்ட இரைச்சலுக்கு நான்கு லோடு லாரி ஒரே நேரத்தில் மேடேறியிருக்கலாம். உள்ளே இருளம்மாள் தாடையைச் சேர்த்து நாடிக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். அறுபத்தோரு வருசத்தில் அவள் ஒரே மூச்சாக இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை என்பதை விஸ்வநத்தம் முழுக்க ஒத்துக்கொண்டது, அவளோடு பதினெட்டு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் உட்பட.

“ஏலே, தலைப்பக்கம் ரெண்டு பேரு பிடிங்க. மெதுவா. பெஞ்சு ஆடுது பாரு,” என்றாள் யோகேஸ்வரி. செத்தவளின் மூத்த மகள். சாத்தூரில் வாக்கப்பட்டவள். அழுது அழுது தொண்டை போய்விட்டிருந்தது. போன தொண்டையை வைத்துக்கொண்டே இருபது பேரை வேலை வாங்கினாள். தாய்வீட்டுச் சீதனத்தில் தேயாமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

வாசலில் போட்ட பெஞ்சு நொண்டியடித்தது. யாரோ பின்கட்டுக்கு ஓடி, குளிக்கிற கல்லின்மேல் கிடந்த சாக்குத் துண்டை எடுத்து வந்து நாலாக மடித்துக் காலுக்கடியில் செருகினார்கள். ஆட்டம் நின்றது. இருளம்மாளைத் தூக்கிக் கிடத்தினார்கள்.

பொன்மணி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டின் ஒரே மருமகள். இடுப்பில் மகேஷ்குமார், பதினோரு மாதம். பெயர்தான் அவனைவிடக் கனம். நேற்றிலிருந்து அவள் உட்காரவில்லை. கண்ணுக்குள் ஒரு வண்டி மணல் தட்டினாற்போல் உறுத்தியது. யார் வந்து கட்டிப்பிடித்து அழுதாலும் நின்றபடியே சாய்ந்துகொண்டாள், தூண் கிடைத்தவள்போல. சிலர் அழுது முடித்து விலகப் பார்த்தபோது விடாமல் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தாள்.

“நீர்மாலைத் தண்ணி வந்துருச்சு,” என்று குரல் கேட்டது. தெருக்கோடித் தொட்டியிலிருந்து கொட்டுமேளத்தோடு எடுத்து வந்த குடங்களைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் வரிசையாக இறக்கினார்கள். நாலு பெண்கள் நாலு சேலையை விரித்து மறைப்புப் பிடித்தார்கள்.

“மருமக எங்க? வந்து மூணு செம்பு ஊத்தணும்ல,” என்றாள் யோகேஸ்வரி.

இதைத்தான் பொன்மணி நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் செத்த துக்கத்தைக்கூட இதற்குப் பின்னால் நிற்க வைத்திருந்தாள்.

நேற்று சாவு விழுந்த கையோடு பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஒரு ஆட்டோ நிறைய வெடி வந்து இறங்கியது. முப்பது வருசம் சரம் பின்னியவளுக்கு முதலாளி செய்த மரியாதை. இருளம்மாள் பின்னிய சரத்தை எல்லாம் நீட்டினால் இருக்கன்குடி வரை போய், மாரியம்மனை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, கொடியில் துணி காயப்போடவும் மிச்சமிருக்கும். ஆட்டோவில் வந்த பத்தாயிரம் வாலாச் சரத்தைத் தெருவில் கொளுத்தியபோது மூன்றாம் தெருக் கோழி முட்டையிடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டது. பொன்மணி கண்ணைச் சிமிட்டவில்லை. அவளும் அதே கம்பெனியில் வேலை பார்த்தவள்தானே. வெடிச்சத்தம் அவளுக்குக் காக்கை கத்துகிற மாதிரி.

ஆனால் ஒரு குவளைத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்தால் போதும், அவளுக்கு உடம்பு அவள் வசம் இருக்காது.

பிள்ளை பிறந்த அன்று வந்த வினை அது. எந்த ஆஸ்பத்திரி என்பதை இருளம்மாள் சொன்னால் காறித் துப்பிவிட்டுத்தான் சொல்வாள், அதனால் வேண்டாம். பிள்ளை வந்துவிட்டது, உதிரம் நிற்கவில்லை. “கத்தாதம்மா, ஊர்ல எவளும் பெறாததா” என்று ஒருத்தி அதட்டினாள். அப்புறம் யாரும் அவளிடம் பேசவில்லை, அவளைப் பற்றித்தான் பேசினார்கள். ரத்தம் போதாது, இன்னும் ரெண்டு பாட்டில், புருசன்கிட்ட கையெழுத்து வாங்கு. பொன்மணிக்கு எல்லாம் கேட்டது. வாய்தான் திறக்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஆயா வாளியோடு வந்து, கட்டிலுக்கு அடியில் குவளை குவளையாகத் தண்ணீரை மொண்டு ஊற்றித் தரையைக் கழுவினாள். சளார். சளார். நான் செத்துவிட்டேன், என்னைத்தான் கழுவி விடுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு அன்றைக்கு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

வாசலில் நின்ற காவல்காரனை இருளம்மாள் ஒரு தள்ளுத் தள்ளினாள். ஆள் போய் விழுந்த இடம் அடுத்த வார்டு என்பார்கள். உள்ளே வந்தாள். தன் முந்தானையை நனைத்துப் பொன்மணியின் காலைத் துடைத்தாள். முகத்தைத் துடைத்தாள். மறுபடியும் காலைத் துடைத்தாள். ஊர்க்கதை உலகக்கதை எல்லாவற்றையும் கண், காது, மூக்கு வைத்துச் சொன்ன இருளம்மாள் அந்த அறையில் பார்த்ததை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தபின் எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். “முத்தாட்டம் இருக்கான், ஒனக்கென்ன தாயி குறை” என்றார்கள். பொன்மணி தூங்கவில்லை. பிள்ளை அழுதால் எடுத்துப் பால் கொடுத்தாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பத்திரமாக வைத்திருப்பவள்போல. குளிப்பாட்டுகிற பேச்சு வந்தால் தெருவுக்குப் போய்விடுவாள். புருசன் பாண்டிராஜ் லோடு வேன் ஓட்டுகிறவன். வண்டியில் எந்த நட்டு கழன்றாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான், இது அவனுக்குப் பிடிபடவில்லை.

இருளம்மாள் முதலில் இருக்கன்குடிக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினாள். பிறகு அடுத்த தெரு நர்சு ஜாஸ்பினிடம் கூட்டிப்போனாள். ஜாஸ்பின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வெடி விபத்துல தப்பிச்சவங்களுக்கு நெனப்புக்குள்ள திரும்பத் திரும்ப வெடிக்குமில்ல, அதே நோவுதாம்மா. பிள்ளைப்பேறுலயும் வரும். வைத்தியம் இருக்கு. நாளாகும்,” என்றாள். அன்றிலிருந்து ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் விருதுநகருக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போக வேண்டும். பஸ்ஸில் யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் இருளம்மாள் மறைக்க மாட்டாள். “எம்மருமக விபத்துல தப்பிச்சவ. பொட்டு வெடி இல்ல, பெரிய வெடி,” என்பாள். கண்டக்டர் எழுந்து தன் சீட்டைக் கொடுத்திருக்கிறான்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டுதான் வந்தாள். பிள்ளையைத் தினமும் குளிப்பாட்டுகிறவள் இருளம்மாள்தான். முதலில் தெருவில் நின்ற பொன்மணி, பிறகு முன்னறையில் இருந்தாள், பிறகு அடுப்படியில். கடைசி ஒரு வாரமாகப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்தாள். துண்டுகூட எடுத்துக் கொடுத்தாள். “அடுத்த மாசம் நீயே ஊத்துவ. நான் காலை நீட்டிக் காப்பி குடிப்பேன்,” என்று சொல்லியிருந்தாள் இருளம்மாள். நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு வாளியில் தண்ணீரை நிரப்பி வெயிலில் வைத்து, தட்டைப் போட்டு மூடினாள். விருதுநகர்ச் சீமையில் பிள்ளைக்கு வெந்நீர் வைக்க விறகு எதற்கு. பிறகு, “நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்கி, சித்த இருந்துக்கிறேன்,” என்று சுவரில் சாய்ந்தாள். கூப்பிட்டால் ஒரு மணி நேரம் கழித்து வருகிற ஆட்டோ நேற்று நாலே நிமிசத்தில் வந்தது. இருளம்மாள் அதைவிட வேகம்.

“பொன்மணி, ஒன்னையத்தான்,” என்று யோகேஸ்வரி மறுபடி கூப்பிட்டாள்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டு வேலுத்தாயிடம் கொடுத்துவிட்டு அவள் சேலை மறைப்புக்குள் போனாள். ஆளாளுக்குப் புறங்கையால் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு இருளம்மாளின் தலையில் வைத்தார்கள். பொன்மணியும் வைத்தாள். நெற்றி ஐஸ்போலக் குளிர்ந்தது. செம்பை அவள் கையில் கொடுத்தார்கள். அவளுக்கு முன்னால் யோகேஸ்வரி ஊற்றினாள். தண்ணீர் தாயின் தோளில் பட்டு, பெஞ்சில் வழிந்து, சிமெண்டுத் தரையில் விழுந்தது.

சளார்.

டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி கண்ணில் படுகிற ஐந்து பொருளை எண்ணப் பார்த்தாள் பொன்மணி. பச்சைச் சேலை. சீயக்காய்க் கிண்ணம். அத்தையின் இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. நாலாவது கிடைக்கவில்லை. நாலு சேலையும் நாலு சுவராகிவிட்டன. கால் மரத்தது. செம்பைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாளா, வைக்கத் தெரியாமல் விட்டாளா தெரியாது. அது உருண்டு தரையில் விழுந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டு ஓடியது. அவளும் ஓடினாள்.

“எங்கம்மா இவளுக்கு என்ன குறை வச்சா?” யோகேஸ்வரியின் குரல் பின்னால் வந்தது. “பதினோரு மாசமா இவ பிள்ளையக் குளிப்பாட்டுனவளுக்கு ஒரு செம்புத் தண்ணி. அதுகூட இல்லையா.”

“அவளுக்கு ஆகாதுக்கா. விடு,” என்றான் பாண்டிராஜ் மறைப்புக்கு வெளியிலிருந்து.

“ஆகாதாம்ல.” யோகேஸ்வரி குனிந்து செம்பை எடுத்தாள். மருமகளுக்குப் பதிலாகவும் அவளே ஊற்றினாள்.

பின்கட்டுப் படியில் பொன்மணி உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து இப்போதுதான் உட்கார்கிறாள். எதிரே குளிக்கிற கல். பக்கத்தில், தட்டு மூடிய வாளி. நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது.

வேலுத்தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருளம்மாளைக் காட்டிலும் நாலு வயது சின்னவள். இருவரும் ஒரே வேனில் முப்பது வருசம் வேலைக்குப் போனவர்கள்.

“அத்தைக்குக்கூட ஊத்த முடியல, சின்னத்தை,” என்றாள் பொன்மணி. “சரியாயிட்டு வருதுன்னு நெனச்சேன். ஒரு வாரமா இங்கனதான உக்காந்து பாத்தேன். அம்புட்டும் பொய்யா?”

வேலுத்தாய் கல்லைப் பார்த்தாள். “சாக்கு எங்க?”

“பெஞ்சு ஆடுதுன்னு எடுத்துட்டுப் போனாக.”

“அது எதுக்குக் கெடந்துச்சுன்னு நெனச்ச?”

“வழுக்காம இருக்க.”

“வழுக்கவா? ஒங்க அத்தையா? பாசி படிஞ்ச படியில கெணத்துக்குள்ள எறங்கிப் போயி, விழுந்த கொடத்தையும் எடுத்துட்டு, உள்ள இருந்த தவளைகிட்ட சண்டையும் போட்டுட்டு வந்தவடி அவ.” வேலுத்தாய் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் களைத்துவிட்டது. “தண்ணி விழுற சத்தம் ஒனக்குக் கேக்கக் கூடாதுன்னு போட்டது. மொதல்ல மூணு சாக்கு, மெத்தை மாதிரி. ரெண்டு நான் குடுத்தது, கோழித் தீவனச் சாக்கு. கொஞ்ச நாள் போயி ஒண்ண உருவிட்டா. அப்புறம் இன்னொண்ணு. போன வாரம் எங்கிட்ட அருவாமனைய வாங்கிட்டு வந்து மிச்சமிருந்ததப் பாதியா அறுத்தா.”

பொன்மணி வெறுங்கல்லின் பக்கம் திரும்பினாள்.

“அவகிட்டச் சொல்லிராத, தெரிஞ்சா பயந்துக்கிருவான்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. ஊர்ல உள்ள ரகசியத்த எல்லாம் மைக்கு வச்சுச் சொல்றவ. இதுக்கு மட்டும் சத்தியம்.” பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றினாள். “இன்னைக்குப் போட்டு ஒடைச்சுட்டேன். கனவுல வந்து வைவா. வையட்டும்.”

முன்னால் கொட்டு வேகமெடுத்தது. வேலுத்தாய் எழுந்தாள். “வா. எடுக்கப் போறாக.”

இருளம்மாளைப் புதுச்சேலையில் சுற்றி, பாண்டிராஜ் வாங்கிப் போட்ட மாலைகளுக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். பாய், தலையணை, கட்டியிருந்த பழைய சேலை எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். பெஞ்சை நகர்த்திய ஒருவர், நனைந்து கிடந்த சாக்குத் துண்டை இரண்டு விரலால் தூக்கி மூட்டையோடு எறிந்தார். பொன்மணியின் கை இடுப்பு வரை எழுந்தது. பிணத்துக்குப் போட்டதை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். கையைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் முதுகில் வைத்துக்கொண்டாள்.

தெருமுனை வரை பெண்கள் போனார்கள். வெடிச்சத்தத்தில் ஒருவர் அழுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. புகை தெருவை மூடி, விலகியபோது வண்டி இல்லை. காகிதச் சருகுதான் கணுக்கால் அளவு கிடந்தது. மறுநாள் கூட்டுகிறவர்களுக்கு இரண்டு நாள் வேலை.

வீட்டைக் கழுவி விட்டார்கள். பொன்மணி பிள்ளையோடு தெருவிலேயே நின்றாள், ஈரம் இறங்கும் மட்டும். உள்ளே வாளிகள் மோதுகிற சத்தம் வரும்போதெல்லாம் நாலு எட்டுத் தள்ளிப் போனாள். பிறகு நாலு எட்டுத் திரும்பி வந்தாள். பெண்கள் ஒவ்வொருவராகத் தலைமுழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு வெளியே வந்தார்கள். பொன்மணி யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குளியலறைக்குள் போய், வழக்கம்போல் துண்டை நனைத்துத் தலையில் பிழிந்துகொண்டு வந்தாள்.

அவள் வெளியே வந்தபோது யோகேஸ்வரி பின்கட்டில் நின்றாள். வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரை எல்லாம் கொட்டிக் கவிழ்த்திருந்தாள். குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம். தட்டு மூடிய வாளியின் பக்கம் குனிந்தாள்.

“மதினி, அது இருக்கட்டும்.”

“சாவு விழுந்த வீட்டுல பிடிச்சு வச்ச தண்ணி ஆகாது.”

“இது அத்தை வச்சது. பிள்ளைக்கு.”

யோகேஸ்வரி தட்டைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீரில் ஒரு தூசி இல்லை. விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் வெயில் குடித்துச் சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

“சரி, அவனைக் கொண்டா. நான் ஊத்துறேன்.” குரலில் காலையில் இருந்த கோபம் இல்லை. எதுவுமே இல்லை. “துட்டி வீட்டுல பிள்ளைய அப்படியே போட்டு வைக்கக் கூடாது. நாளைக்குப் பாலை ஊத்திட்டு நான் கெளம்பிருவேன். என் வீட்டுலயும் ரெண்டு கெடக்குல்ல.”

நாளைக்குப் பால். நாளை மறுநாள் பிள்ளைக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது என்பதை யோகேஸ்வரி கேட்கவில்லை. பொன்மணி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாளையும்.

“நானே ஊத்துறேன், மதினி.”

யோகேஸ்வரி அவளைப் பார்த்தாள். காலையில் உருண்ட செம்பு இரண்டு பேர் கண்ணிலும் ஒருமுறை உருண்டிருக்கும். அவள் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளையின் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பார்க்காமல் இருப்பதும் ஒரு ஒத்தாசை என்பதுபோல.

பொன்மணி கல்லின் ஓரத்தில் குந்தினாள். சேலையை முழங்கால் வரை சுருட்டி, இருளம்மாள் நீட்டுவதுபோல் இரண்டு காலையும் நீட்டினாள். கல் சுட்டது. சாக்குக் கிடந்த இடம் மட்டும் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது. சதுரத்துக்குள் இன்னொரு சதுரம், அதற்குள் ஒரு பாதி. ஆள் சொன்னபிறகுதான் கண்ணில் படுகிறது. மகேஷ்குமாரைக் காலின்மேல் குப்புறப் போட்டாள். அவன் தலையைத் தூக்கி, வழக்கமாகத் தன்னிடம் கதை பேசுகிற முகத்தைத் தேடினான். ஒருமுறை சிணுங்கினான்.

அந்நேரம் பாண்டிராஜ் சுடுகாட்டிலிருந்து வந்து பின்வாசலில் நின்றான். மொட்டைத் தலை, இடுப்பில் ஈர வேட்டி. பிள்ளை அவனைப் பார்த்ததும் யாரோ அந்நியன் என்று வாயைப் பிளந்து அழத் தயாரானான்.

“ஏய், ஒங்கப்பன்டா,” என்றாள் யோகேஸ்வரி திரும்பாமலே.

பாண்டிராஜ் கல்லைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், பொன்மணியின் நீட்டிய காலைப் பார்த்தான். வந்த வழியே ஓரெட்டுப் பின்வாங்கி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் குவளையை மொண்டாள். முதல் குவளையைப் பிள்ளையின் முதுகோடு ஒட்டிப் பிடித்து, எண்ணெய் வார்ப்பதுபோல் சரித்தாள். தண்ணீர் அவன் விலாவிலும் அவள் காலிலும் வழிந்து, கடைசியில் கொஞ்சம் கல்லில் சொட்டியது. அவள் தோள் காதுவரை ஏறி, அங்கேயே நின்றது. மூச்சு வர நேரமானது. பிள்ளை கையைக் கல்லில் தட்டினான். ஈரத்தில் பட்டென்று சத்தம் வந்தது. அவனுக்கு அது பிடித்துவிட்டது. இன்னொரு தரம் தட்டினான்.

இரண்டாவது குவளை ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தது.

தாழ்வாரத்தில் யோகேஸ்வரி துண்டைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பொன்மணி மூன்றாவது குவளையை மொண்டு, கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தாள்.